ஒரே நாளில் நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம்: குடும்பத்தோடு காரில் போய்வர முழுமையான வழிகாட்டி

முதல் தடவை நாங்கள் புதுக்கோட்டைப் பக்கம் போனது ஒரு சித்திரை மாதம். கோடை விடுமுறை, பிள்ளைகள் வீட்டில், கார் சும்மா நிற்கிறது. ஒரு தாளில் ஏழு இடங்களை எழுதிக்கொண்டு, காலை டிபன் எல்லாம் முடித்து, ஒன்பது மணிக்குத் திருச்சியிலிருந்து கிளம்பினோம். நடுப்பகல் ஒரு மணிக்குச் சித்தன்னவாசல் பாறையில் என் மகன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி வைத்தான், அலறிவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டே இறங்கினேன். அங்கிருந்து குடுமியான்மலைக்கு ஓடினால் கோயில் நடை சாத்தியிருந்தது. நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். ஏழில் மூன்றைத்தான் பார்த்தோம். அந்த மூன்றும் எனக்கு இன்றைக்கு நினைவில் இல்லை, அவன் சிவந்த பாதம் மட்டும்தான் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நான்கு முறை போய்விட்டோம். ஒவ்வொரு முறையும் பயணத்தை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து இப்போது எங்கள் வீட்டில் ஒரு வரிசை நிலைத்துவிட்டது. நான் கற்றுக்கொண்டது இதுதான்: இந்த ஊர்ப் பக்கம் எதை முதலில் பார்ப்பது என்பதை மேப்பில் தெரியும் தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாறை எப்போது சுடும், கோயில் எப்போது சாத்தும், இந்த இரண்டையும் வைத்து முடிவு செய்யுங்கள். இடங்கள் நான்கு போதும்.

இந்த வழிகாட்டி திருச்சியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு. போய்வர மொத்தம் 180 முதல் 200 கி.மீ. வரை ஆகும். தஞ்சாவூர், காரைக்குடிக்காரர்கள் அதே வரிசையைத் தங்கள் பக்கத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். மதுரைக்காரர்களுக்குத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

எந்த மாதம், எந்தக் கிழமை

மார்கழியும் தையும் மிக நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், மலையடிவாரம் பச்சையாக இருக்கும், பத்து மணி வரை பாறையில் வெறுங்காலோடு நடக்கலாம். மாசி வரை சமாளிக்கலாம். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழா. அம்மனைப் பார்க்க வேண்டுமென்றால் அப்போது போங்கள். மலைமேல் உள்ள கற்றளியை, அதாவது கல்லால் கட்டிய பழைய கோயிலை, நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்கள் வேண்டாம், கூட்டத்தில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. சித்திரை, வைகாசி, ஆனி மூன்றையும் விட்டுவிடுங்கள்.

கிழமை என்றால் வெள்ளியைத் தவிர்க்கலாம். புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறைதான். மதிய வெயிலில் ஒதுங்க நமக்கு இருக்கிற நிழலே அந்த அருங்காட்சியகம்தான் என்பதால் இதைக் கவனியுங்கள். காணும் பொங்கலன்று சித்தன்னவாசலில் கால் வைக்க இடமிருக்காது.

முந்தைய நாள் மாலை

டயரில் காற்று, பெட்ரோல், ஸ்டெப்னி. இதை எல்லோரும் பார்ப்பார்கள். பலர் மறப்பது மேப்பை ஃபோனில் இறக்கி வைப்பதை. நார்த்தாமலையிலிருந்து சித்தன்னவாசலுக்குப் போகும் கிராமத்துச் சாலைகளில் சிக்னல் வந்து வந்து போகும். கையில் கொஞ்சம் சில்லறை நோட்டும் இருக்கட்டும். தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் இடங்களில் ஃபோனில் ஸ்கேன் செய்து சீட்டு எடுக்கலாம். ஆனால் சிக்னல் இல்லாதபோது ரொக்கம்தான் கைகொடுக்கும். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இங்கெல்லாம் கட்டணம் கிடையாது.

ஆளுக்கு ஒரு ஜோடி பழைய பருத்தி சாக்ஸ் எடுத்து வையுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில், கல் சூடேறியிருந்தால், சாக்ஸ் போட்டு நடக்கலாம். எங்கள் வீட்டில் இதற்கென்றே ஒரு துணிப்பை இருக்கிறது. தலைக்குத் துண்டோ தொப்பியோ வேண்டும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் கணக்கு, அதற்குக் குறைக்காதீர்கள். மலைமேல் எங்கும் தண்ணீர் விற்கமாட்டார்கள்.

சாப்பாட்டில், காலைக்கு எண்ணெய் விட்டுப் பொடி புரட்டிய இட்லி. ஈரச் சட்னி வேண்டாம். பிள்ளைகளுக்கு நடுவில் கொறிக்கக் கடலை மிட்டாய், வாழைப்பழம். மலைகளில் குரங்கு உண்டு, அதனால் பழத்தையும் பாலித்தீன் பையையும் கையில் ஆட்டிக்கொண்டு நடக்கக் கூடாது. எல்லாம் ஜிப் போட்ட பைக்குள் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். ஃபோனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருளை வரைய வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். என் மகள் நார்த்தாமலையில் வரைந்த யாளியை இன்னும் வைத்திருக்கிறாள். வரைய வேண்டுமென்றால் உற்றுப் பார்த்தாக வேண்டும் அல்லவா.

காலை 5.30: கிளம்பி நார்த்தாமலைக்கு

இருட்டிலேயே கிளம்பிவிடுங்கள். திருச்சி–புதுக்கோட்டைச் சாலையில் கீரனூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நார்த்தாமலைக்குப் பிரியும் வழி வரும். திருச்சியிலிருந்து சுமார் 35 கி.மீ.தான். சூரியன் எழும்போது மலையடிவாரத்தில் இருக்கலாம்.

நார்த்தாமலை என்பது ஒரு மலை இல்லை, ஒன்பது குன்றுகள். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மைமலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது உதிர்ந்த துண்டுகள் இவை என்று ஊரில் சொல்வார்கள். ஒரு காலத்தில் இது வணிகர்களின் ஊர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழு இங்கே இருந்திருக்கிறது. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

நாம் ஏறப்போவது மேலமலை. படி கிடையாது. சரிவான வழுவழுப்பான பாறை, அதில் நிதானமாக நடந்தால் இருபது நிமிடத்தில் மேலே போய்விடலாம். பனி ஈரம் இருந்தால் வழுக்கும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் அத்தைக்கு முட்டி வலி. அவர் பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, எதிரே குளத்தைப் பார்த்துக்கொண்டு, ‘நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் இங்கயே இருக்கேன்’ என்பார். அந்த இடமே நல்ல இடம்தான், அதனால் வயதானவர்களை வற்புறுத்த வேண்டாம்.

மேலே ஏறியதும் விசயாலய சோழீச்சரம் திடீரென்று கண்முன் வரும். 9ஆம் நூற்றாண்டுக் கற்றளி, மேற்கு பார்த்தது, சுற்றிலும் சின்னச் சின்னத் துணைக்கோயில்கள். வெளியே நின்று பார்த்தால் சதுரம். கருவறைக்குள் எட்டிப் பார்த்தால் வட்டம். சதுரச் சுவருக்குள் வட்டமான ஒரு கருவறையைக் கட்டி, இரண்டுக்கும் நடுவே சுற்றிவர வழி விட்டிருக்கிறார்கள். மேலே விமானமும் அப்படித்தான், கீழ்த் தளங்கள் சதுரமாகத் தொடங்கி உச்சியில் உருண்டையாக முடிகிறது. பிள்ளைகளைக் கோயிலை ஒரு சுற்று சுற்றிவரச் சொல்லி, பிறகு ‘உள்ளே என்ன வடிவம்?’ என்று கேளுங்கள். காவலர் வரும் முன்பு போனால் கதவு பூட்டியிருக்கலாம். கம்பிக் கதவு வழியே பார்த்தாலே வட்டம் தெரியும்.

பெயரைக் கேட்டதும் விசயாலய சோழன் கட்டியது என்று நினைப்போம். கல்வெட்டு வேறு சொல்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோ அதியரையர் எடுப்பித்த கற்றளி, மழை இடித்துச் சிதைந்தது, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்கிறது. முத்தரையர் குடியின் கோயில் அது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெருமழை பெய்ததும், ஒருவர் வந்து அதைச் சரிசெய்ததும் அதே பாறையில் நின்றுகொண்டு நமக்குத் தெரியவருகிறது பாருங்கள். எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும்.

கோயிலுக்கு எதிரே மலைச்சரிவில் இரண்டு குடைவரைகள், பாறையைக் குடைந்து செய்த கோயில்கள். சின்னது பழியிலி ஈச்சரம், சிவனுக்கு. பெரியது சமணர் குடகு என்று பெயர். உள்ளே போனால் சுவரோடு சுவராகப் பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே நிற்கும். பன்னிரண்டும் ஒரே மாதிரியா, எதிலாவது வேறுபாடு இருக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடச் சொன்னால் கால் மணி நேரம் ஓடிவிடும். அதன் முன்னால் உள்ள மேடையின் அடிப்பகுதியில் யாளியும் யானையும் வரிசை கட்டிப் போகும். இந்த வரிசையில்தான் என் மகள் தன் யாளியைக் கண்டுபிடித்தாள்.

எட்டு மணிக்குக் கீழே இறங்கி, காருக்குப் பக்கத்தில் நின்று இட்லியைச் சாப்பிட்டுவிட்டு 8.20க்கெல்லாம் வண்டியை எடுத்துவிடுங்கள். கடம்பர்மலை அடிவாரத்திலும் ஓர் அழகான சோழர் கோயில் இருக்கிறது. ஆசைதான் வரும். இன்றைக்கு வேண்டாம்.

9.00: சித்தன்னவாசல், முதலில் ஏழடிப்பட்டம்

நார்த்தாமலையிலிருந்து கிராமத்துச் சாலையில் அரை மணி நேரம். சித்தன்னவாசலை நெருங்கும்போது சாலையோரப் பொட்டலில் கற்களை வட்டமாக அடுக்கியது போல் தெரியும். அவை இரும்புக் கால ஈமச் சின்னங்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி இரண்டு நிமிடம் காட்டிவிட்டுப் போகலாம்.

இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு, இரண்டும் மலையின் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. பலர் ஓவியம் இருக்கும் அறிவர் கோயிலுக்கு முதலில் போய்விட்டு, வெயில் ஏறிய பிறகு ஏழடிப்பட்டத்துக்கு ஏறுவார்கள். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். மாற்றிச் செய்யுங்கள். ஏழடிப்பட்டம் திறந்த மலை, அது முதலில். அறிவர் கோயில் குடைவரை, உள்ளே நிழல், அது பிறகு.

ஏழடிப்பட்டத்துக்குப் படியேறி மலைமுதுகுக்குப் போய், மறுபக்கம் ஒரு குறுகலான விளிம்பு வழியாக இறங்க வேண்டும். கம்பித் தடுப்பு உண்டு. கால் வைக்கப் பாறையில் வெட்டிய ஏழு பள்ளங்களால்தான் இந்தப் பெயர். அந்த விளிம்பின் முடிவில் ஓர் இயற்கைக் குகை, அதில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள். பதினேழு. தலை வைக்கும் பக்கம் மட்டும் தலையணை போலக் கொஞ்சம் உயர்த்தி, வழவழவென்று இழைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரியதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு: குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்கு இளயர் செய்து கொடுத்த இருக்கை. ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் இன்னொருவருக்குப் படுக்கை செய்து கொடுத்து, பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார். படுக்கைகளைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கிறது. வெளியே நின்று எண்ணுங்கள். என் மகன் ஒவ்வொரு முறையும் பதினாறுதான் எண்ணுவான், பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்குவான்.

குகையிலிருந்து கீழே பார்த்தால் செம்மண் பரப்பும் பனைமரங்களும் அடிவானம் வரை போகும். சத்தமே இருக்காது. உயரம் என்றால் பயப்படுகிறவர்கள் விளிம்பு தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடலாம்.

ஒன்பதே முக்காலுக்கு இறங்கி, வண்டியில் அறிவர் கோயில் பக்கம் வாருங்கள். இது சில படிகள்தான், அத்தை இங்கே தாராளமாக ஏறிவிடுவார். குடைவரையின் முன்மண்டப விதானத்தில் தாமரைக் குளம். இலைகள் கரும்பச்சையாகப் படர்ந்திருக்க, நடுவே மொட்டும் மலரும், மீன்கள், வாத்துகள், எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலம், 9ஆம் நூற்றாண்டு.

இங்கே ஒரே ஒரு வேண்டுகோள். உள்ளே நுழைந்ததும் ஃபோனை நீட்டாதீர்கள். வெளி வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எல்லாம் பழுப்பாக, அழிந்துபோனதாகத்தான் தெரியும். ‘ஒண்ணுமே தெரியலையே’ என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிடத்தில் திரும்பிப் போகிறவர்களை நான் எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே நின்று ஐந்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள். முதலில் ஒரு தாமரை இலையின் விளிம்பு பிடிபடும். பிறகு அதன் தண்டு. தண்டைத் தொடர்ந்தால் ஒரு கை, கையைத் தொடர்ந்தால் பூவைத் தோளில் சாய்த்து நிற்கும் ஓர் இளைஞனின் முகம். அதற்குப் பிறகு குளம் முழுவதும் தானாகத் துலங்கிவிடும். தூண்களில் இரண்டு ஆடல் மகளிர் இருப்பார்கள், ஒருத்தியின் கை யானைத் துதிக்கை போல நீண்டிருக்கும். ஃபிளாஷ் போடக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது. இவ்வளவு காலம் தாங்கிய வண்ணம் நம் காலத்தில் நம் கையால் உதிர்வதைப் பார்க்க எனக்கு மனம் தாங்காது.

உள்ளறையில் வாய் மூடி ‘ம்ம்ம்’ என்று ஒருவர் மட்டும் மெல்ல ஒலியெழுப்பிப் பாருங்கள். அறை முழுவதும் அதிரும். பிள்ளைகள் சிறிது நேரம் வெளியே வரமாட்டார்கள். ஆனாலும் பத்தரைக்குக் கிளம்பியாக வேண்டும். கீழே பூங்கா இருக்கிறது, சறுக்கு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டால் ஒரு மணி நேரம் போய்விடும், ஆகவே மறுபக்கம் பார்க்க வைத்துக் கூட்டிப் போங்கள்.

10.55: குடுமியான்மலை, நடை சாத்துவதற்குள்

அன்னவாசல் வழியாக இருபது, இருபத்தைந்து நிமிடம். கோயில் நண்பகலில் சாத்திவிடுவார்கள் என்பதால் இந்த ஓர் இடத்துக்கு மட்டும் நேரம் தவறக் கூடாது.

இறைவன் சிகாநாதர். குடுமி வைத்த சாமி. அர்ச்சகர் ஒருவர் தன் காதலிக்குச் சூட்டிய பூவை அவசரத்தில் அரசனுக்குப் பிரசாதமாகக் கொடுத்துவிட்டார், அதில் முடி இருந்தது, கேட்டதற்குச் சாமிக்கே குடுமி உண்டு என்று சொல்லிவிட்டார், அவரைக் காப்பாற்ற லிங்கத்தில் குடுமி முளைத்தது என்பது தலபுராணம். காரில் போகும்போதே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் முதலில் குடுமியைத்தான் தேடுவார்கள்.

மண்டபத் தூண்களில் ஆளுயரச் சிலைகள். பத்துத்தலை இராவணன், ரதி, மன்மதன், மோகினி, குறத்தி, வீரபத்திரர். குறத்தியின் இடுப்புக் கூடையின் பின்னலைப் பாருங்கள், ஓலை முடைந்த வரிவரியாகக் கல்லில் தெரியும். நிமிர்ந்து பார்த்தால் மலைப்பாறையில் அறுபத்துமூவர் வரிசையாக, நடுவே விடைமேல் அம்மையப்பர்.

இவ்வளவும் இருந்தாலும் நான் இங்கே வருவது கோயிலுக்குப் பின்னால் உள்ள குடைவரைக்காக. மேலைக்கோயில் என்பார்கள். அதன் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு. பெரும்பாலும் கம்பிக் கதவு பூட்டியிருக்கும். கோயிலில் இருப்பவரிடம், ‘ஐயா, இசைக் கல்வெட்டைப் பார்க்கணும், கொஞ்சம் திறந்துவிடுறீங்களா’ என்று நுழையும்போதே கேட்டுவிடுங்கள். கடைசியில் கேட்டால் நேரம் இருக்காது.

பல்லவ கிரந்த எழுத்தில், பாறை முழுவதும் கட்டம் கட்டமாக, சுரங்கள். நான்கு நான்கு சுரமாகச் சேர்த்து, ஏழு பகுதிகளாகப் பிரித்து வெட்டியிருக்கிறார்கள். உருத்திராசாரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று முடிகிறது. அந்த அரசன் மகேந்திரவர்மப் பல்லவன் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பெயர் அதில் இல்லை, அறிஞர்கள் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. கீழே தமிழில் ஒரு வரி: ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’. எட்டு நரம்பு யாழுக்கும் ஏழு நரம்பு யாழுக்கும் இது பொருந்தும் என்று பொருள் கொள்கிறார்கள். பாட்டோ வீணையோ கற்றுக்கொள்ளும் பிள்ளை வீட்டில் இருந்தால், தன் பாட்டு நோட்டை அந்தப் பாறைக்கு முன்னால் திறந்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மகள் அப்படிச் செய்தபோது சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, ‘அம்மா, இதுவும் நோட்டுதானே’ என்றாள்.

12.15 முதல் 3.00 வரை: சாப்பாடு, நிழல்

இருபது கி.மீ.யில் புதுக்கோட்டை. சைவமோ அசைவமோ, ஊருக்குள் நல்ல சாப்பாடு கிடைக்கும். முட்டை சாப்பிடுகிறவர்கள் இந்த ஊர் முட்டை மாஸை விட்டுவிடக் கூடாது. அவித்த முட்டையை மசாலாவில் புரட்டித் தருவார்கள். காலை ஐந்தரையிலிருந்து அலைந்த பிள்ளைகள் என்ன கொடுத்தாலும் சாப்பிடுவார்கள், ஆனால் வயிறு முட்ட வேண்டாம், இன்னும் ஒரு கோட்டை ஏற வேண்டும்.

பிறகு திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட காலத்தில், 1910இல் தொடங்கியது. சிலைகள், செப்புத் திருமேனிகள், நாணயங்கள், பாடம் செய்த விலங்குகள் என்று எல்லாம் கலந்து இருக்கும். ஒரு மணி நேரம் போதும். இந்தச் சமஸ்தானத்தின் சின்னஞ்சிறு செப்புக் காசான அம்மன் காசைப் பற்றி இங்கே பேசலாம். முடியாதவர்கள் காரிலேயே மரநிழலில் கண்ணயரட்டும். வண்டி ஓட்டுகிறவர் கண்டிப்பாக அரை மணி நேரம் தூங்க வேண்டும். எங்கள் வீட்டில் இதில் பேச்சுக்கே இடமில்லை, நாங்கள் உள்ளே போவோம், என் கணவர் தூங்குவார்.

3.30: திருமயம், முதலில் கோட்டை, பிறகு கோயில்கள்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிச் சாலையில் 20 கி.மீ. ஊருக்குள் நுழையும் முன்பே பாறைமேல் கோட்டை தெரிந்துவிடும். சாலையை ஒட்டிக் கோட்டை மதிலில் பைரவர் இருக்கிறார். இந்தச் சாலையில் போகிற வண்டிகள் அவர் முன்னால் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகும்.

கோட்டையை மாலையில் மூடிவிடுவார்கள், கோயில்களைப் பிற்பகல் நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள். ஆகவே கோட்டைதான் முதலில். இராமநாதபுரம் கிழவன் சேதுபதி 1687இல் கட்டியது. அவர் மணந்த காதலி நாச்சியார், புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பெண். முன்பு ஏழு சுற்று மதில்கள் இருந்தன, இப்போது எஞ்சியவை நான்கு. ஊமைத்துரையை நினைத்து ஊமையன் கோட்டை என்றும் ஊரில் அழைப்பார்கள். ஏறும் வழியில் பாறையின் நடுவே ஒரு சின்னக் குடைவரையில் லிங்கம் இருக்கிறது, இரும்பு ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும். உச்சியில் பீரங்கி. அங்கிருந்து பார்த்தால் ஊர், கண்மாய், கீழே கோபுரங்கள். காற்று நன்றாக வீசும். பாறைச் சூடு அந்த நேரத்தில் இறங்கத் தொடங்கியிருக்கும், இருந்தாலும் சாக்ஸ் பை கையில் இருக்கட்டும். மதில் ஓரத்தில் பிள்ளைகளை ஓட விடாதீர்கள்.

கோட்டையின் தென்புறம், ஒரே பாறையைக் குடைந்து அடுத்தடுத்து இரண்டு கோயில்கள். சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள். திருமங்கையாழ்வார் பாடிய திருமெய்யம் இதுதான். குகைக்குள் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் அளவைப் பார்த்தால் ஒருமுறை பார்வை போதாது, தலையிலிருந்து பாதம் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். பின்சுவரில் ஆதிசேடன் கக்கும் நச்சுத் தீயைப் பாருங்கள். அதற்கு அஞ்சி மது, கைடபன் என்ற அசுரர் இருவரும் ஓடுகிறார்கள். பெருமாளோ எதுவும் நடக்காதது போலத் துயில்கிறார்.

இந்த இரண்டு கோயில்காரர்களுக்கும் ஒரு காலத்தில் சொத்திலும் வருவாயிலும் பெரிய வழக்கு. 1245இல் போசள (ஹொய்சள) அரசின் தளபதி அப்பண்ணன் முன்னிலையில் தீர்த்துவைத்து, நடுவே சுவர் எழுப்பியதைக் கல்வெட்டு பதிந்திருக்கிறது. குடுமியான்மலையில் பார்த்தது போன்ற ஓர் இசைக் கல்வெட்டு இங்கேயும் இருந்தது. அழித்துவிட்டார்கள், சில எழுத்துகளே மிச்சம். காலையில் அந்தப் பாறையைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் போதும், முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். விடுதலைப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். பெருமாள் பெயரும் அவர் பெயரும் ஒன்று என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

மதுரையிலிருந்து வருகிறவர்களுக்கு

நீங்கள் நார்த்தாமலையை விட்டுவிட்டுக் கொடும்பாளூரில் தொடங்குங்கள். மதுரை–திருச்சிச் சாலையில், விராலிமலைக்குக் கொஞ்சம் முன்னால். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போக வழி மூன்றாகப் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் சொல்லும் கொடும்பை இதுதான். இருக்குவேளிர் குடியின் பூதி விக்கிரமகேசரி, தனக்கும் தன் தேவியரான கற்றளி, வரகுணை என்ற இருவர் பெயருக்குமாக மூன்று கோயில் எடுத்தான். மூவர் கோயில் என்று பெயர். இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். ஏற மலை இல்லை, புல்வெளி, ஆகவே முட்டி வலிக்காரர்களுக்கும் ஏற்றது. அங்கிருந்து இலுப்பூர், அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல், அதன் பிறகு மேலே சொன்ன வரிசைதான். திருமயத்திலிருந்து திருப்பத்தூர் வழியாக மதுரைக்குத் திரும்பிவிடலாம்.

மாலை 6.00: திரும்பும் வழி

திருமயத்தில் ஒரு டீ, பிள்ளைகளுக்குப் பால். திருச்சிக்குச் சுமார் 75 கி.மீ., எட்டு மணிக்குள் வீடு. இருட்டிய பிறகு இந்தச் சாலையில் ஆடு மாடுகள் குறுக்கே வரும், வேகம் வேண்டாம். கீரனூரைத் தாண்டும் வரை யாரும் தூங்காமல் இருக்க, அன்றைக்கு வரைந்த படங்களை ஒவ்வொருவராகக் காட்டச் சொல்வோம். போன முறை என் மகன் வரைந்திருந்தது கற்படுக்கை. வரிசையாகப் பதினேழு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு தலையணை. பெரிய கட்டத்துக்குள் மட்டும் எழுத்துக்கூட்டி எழுதியிருந்தான்: இளயர்.